வாத்து வம்சத்தைக் கண்டுபிடித்தவர்

என் மச்சானைத் தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஊருக்கெல்லாம் பெயர் வெட்டிக் கொடுத்த மனிதருக்கு இந்த நிலைமை. எல்லோருக்கும் அவர் 'அகராதி'. பாதிப் பேர் அதைப் பாராட்டாகச் சொன்னார்கள், மீதிப் பேர் திட்டாகச் சொன்னார்கள். அவர் இரண்டுக்கும் ஒரே மாதிரிதான் திரும்பிப் பார்ப்பார்.

அவர் என் மனைவிக்கு அண்ணன். வீட்டு வாசலில் மாட்டுகிற பெயர்ப்பலகை செய்வது தொழில். பித்தளைத் தகட்டில் எழுத்து வெட்டுவார். என் பூட்டு ரிப்பேர் கடை அதே கட்டிடத்தில் அடுத்த அறை. நடுவில் ஒரு பிளைவுட் தடுப்பு. அவர் தும்மினால் என் பக்கம் ஆணியில் தொங்குகிற சாவியெல்லாம் ஆடும். அதனால் அவர் வாடிக்கையாளர்களிடம் அவிழ்த்துவிட்ட ஒவ்வொரு பொய்யையும் உடனுக்குடன் கேட்டவன் நான். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டிருந்தவனும் நான்தான். வீட்டில் சோறு வேண்டாமா?

பொய் எப்படி ஆரம்பித்தது என்று சொல்லிவிடுகிறேன். எழுத்து வெட்டும் இயந்திரம் மேசை அளவு இருக்கும். இந்தப் பக்கம் பெரிய எழுத்தின் பள்ளத்தில் குச்சியை ஓட்டினால், அந்தப் பக்கம் ஊசி அதே எழுத்தைச் சின்னதாகத் தகட்டில் வெட்டும். கை ஒரு நூல் நழுவினால் தகடு பாழ். ஆனால் தன் பெயரை வெட்டுவதைப் பார்க்க வந்த மனிதன் சும்மா உட்கார மாட்டான். பின்னாலேயே வந்து நின்று இவர் கழுத்தில் மூச்சு விடுவான். அப்படி மூச்சு விட்ட ஒருவரை விரட்ட வழி தெரியாமல் ஒரு நாள் மச்சான் கேட்டார், உங்கள் குடும்பப் பெயருக்கு என்ன அர்த்தம் என்று தெரியுமா என்று. தெரியாது என்றார் அந்த ஆள். போய் உட்காருங்கள், பார்த்துச் சொல்கிறேன் என்றார் இவர். அவர் பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்தவர்தான், பலகை முடிகிற வரை வாய் திறக்கவில்லை.

பார்த்துச் சொல்ல ஒரு புத்தகம் வேண்டுமே? அந்த அறையில் முன்பு குளியலறைச் சாமான் விற்றவர் ஒருவர் இருந்தார். காலி செய்யும்போது விலைப் பட்டியல் புத்தகம் ஒன்றை விட்டுவிட்டுப் போயிருந்தார். இரண்டு செங்கல் கனம். பக்கத்துக்குப் பக்கம் வழவழ தாளில் கலர் படம். மச்சான் அதற்குக் காக்கி அட்டை போட்டு, மேசை மேல் வைத்து, ஒரு துண்டால் மூடினார். யாராவது கேட்டால் துண்டை எடுப்பார், கண்ணாடியை மாட்டுவார், எந்தப் பக்கம் வருகிறதோ அதைத் திறப்பார். படத்தைக் கொஞ்ச நேரம் பார்ப்பார். பிறகு அர்த்தம் சொல்வார்.

குழாய் படம் வந்தால் 'ஊற்றைக் காத்தவர்கள்'. வாளி வந்தால் 'தாகம் தீர்த்த பரம்பரை'. ஒரு தலைமையாசிரியருக்கு வெஸ்டர்ன் டாய்லெட் பக்கம் வந்துவிட்டது. மச்சான் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. 'வெள்ளை ஆசனத்தில் அமர்ந்து தீர்ப்புச் சொன்னவர்கள்' என்றார். தலைமையாசிரியர் அதைச் சட்டம் போட்டு வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறார். நான் பூட்டு மாற்றப் போனபோது என் கண்ணால் பார்த்தேன். மொத்தத்தில் எங்கள் வட்டாரத்தில் யாருடைய முன்னோரைத் தோண்டினாலும் தண்ணீர்தான் வரும்.

எனக்கு மட்டும் அவர் புத்தகம் பார்க்கவில்லை. 'கதவைச் சாத்தத் தெரியாதவர்கள்' என்று மனப்பாடமாகச் சொல்லிவிட்டார். எங்கள் இருவருக்கும் பொதுவான வாசல் கதவு அது. நான் சாத்தாமல் போவது உண்மைதான்.

அர்த்தத்தை ஒரு சின்ன அட்டையில் கையாலேயே எழுதிக் கொடுப்பார். ஒரே குடும்பப் பெயர் உள்ள இரண்டு பேர் அட்டைகளை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுச் சண்டைக்கு வந்த பிறகு, யாருக்கு என்ன சொன்னோம் என்று ஒரு நோட்டுப் போட்டார். அதற்கு முன்னால் சொன்னதெல்லாம் காற்றோடு போச்சு என்று நினைத்துக்கொண்டார்.

எட்டு வருஷத்துக்கு முன் ஒரு பஸ் டிக்கெட் பரிசோதகர் பலகை வாங்க வந்தார். சட்டைப் பையிலிருந்து ஸ்டீல் ஸ்கேலை எடுத்து முடிந்த பலகையை அளந்தார். மூன்றாவது எழுத்து அரை மில்லி கீழே இறங்கியிருக்கிறது என்றார். திருகாணித் துளையை அளந்தார். தகட்டின் நாலு மூலையையும் அளந்தார். தடுப்புக்கு இந்தப் பக்கம் இருந்த எனக்கே பல்லைக் கடிக்கத் தோன்றியது. மச்சான் துண்டை எடுத்தார், புத்தகத்தைத் திறந்தார், நீளமாகப் பார்த்தார்.

"வாத்துக்குப் பின்னால ஓடினவங்க," என்றார்.

அடி விழப்போகிறது என்று நான் சுத்தியலைக் கீழே வைத்தேன். பரிசோதகர் மச்சானின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அட்டையில் எழுதித் தரச் சொன்னார். அதை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அவ்வளவுதான், மறந்துவிட்டோம். போன வருஷம்தான் அந்த வாத்து திரும்பி வந்தது.

மச்சானுக்கு ஒரே மகள். மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. அப்பாவின் கண்ணாடியும் அவள் செய்து கொடுத்ததுதான், பெரிய வட்டமாக, பளபளவென்று. அவள் கடைக்கு லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிற ஒரு ஆள் கண்ணாடித் திருகாணியை இறுக்கிக்கொள்ள ஒரே மாதத்தில் ஐந்து தடவை வந்தார். லிஃப்டையே கழற்றி மாட்டுகிறவருக்கு அந்தத் திருகாணி முடியாதா? ஆறாவது தடவை அவளே கேட்டுவிட்டாள், உங்களுக்கு வேண்டியது திருகாணியா நானா என்று. கல்யாணம் என்று பேச்சு வந்தது. வீட்டில் வந்து சொன்னாள், பையனின் குடும்பப் பெயரையும் சொன்னாள். மறுநாள் கடையில் மச்சான் தொழில் பழக்கத்தில் நோட்டைப் புரட்டினார். புரட்டியவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"மாப்ள," என்றார் தடுப்பைத் தட்டி. "வாத்து."

பையனின் அப்பா அந்தப் பரிசோதகர்தான்.

வரச் சொல்லியிருந்தார்கள், போனோம். மச்சான், அவர் மகள், நான், என் மனைவி. வாசலிலேயே மச்சானின் பலகை மின்னியது. அதற்குக் கீழே பெயிண்டில் ஒரு வாத்துப் படம். உள்ளே வாத்து மாதிரி மேசை விளக்கு. ஜன்னல் திரையில் வரிசையாக வாத்து. பின்கட்டில் சிமெண்ட் தொட்டி கட்டி நிஜமாகவே ஆறு வாத்து. பரிசோதகர் ஓய்வு பெற்றுவிட்டார், ஆனால் ஸ்கேல் பையில் இருந்தது. எங்களைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டார். அந்த அட்டைக்கு அப்புறம்தான் சொந்தக்காரர்கள் எல்லோரும் வருஷத்துக்கு ஒரு தடவை இந்த வீட்டில் கூடுகிறார்களாம். குடும்பம் மொத்தமும் பாதத்தை வெளிப்பக்கம் விரித்து நடக்கிறது. முன்பே அப்படி நடந்தார்களா, அர்த்தம் தெரிந்த பிறகு நடக்கிறார்களா என்று நான் கேட்கவில்லை.

எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அப்போது பரிசோதகரின் அக்கா உள்ளே வந்தார். பெண்கள் விடுதி ஒன்றில் முப்பது வருஷம் வார்டனாக இருந்தவர். அவர் தலையசைக்காமல் அந்த வீட்டில் ஒரு நாற்காலி இடம் மாறாது. அவருக்கு மட்டும் வாத்து பிடிக்கவில்லை. எங்கள் பெயருக்கு அர்த்தம் கோட்டைத் தளபதிகள், எனக்கு எழுத்தில் இருக்கிறது என்றார். வாத்து என்று சொன்னவர் இவர்தானா என்று மச்சானை மேலும் கீழும் பார்த்தார். வருகிற ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் கூடுகிறோம், அந்தப் புத்தகத்தைக் கொண்டுவந்து எங்கள் பெயர் இருக்கிற பக்கத்தைக் காட்டட்டும் என்றார்.

"காட்டினா கல்யாணத் தேதி குறிப்போம். காட்டலைன்னா புளுகன் வீட்டுப் பொண்ணு இந்த வீட்டுக்கு வேண்டாம்."

பரிசோதகரும் அக்கா பக்கம் சேர்ந்துகொண்டார். ஆமாம், பக்கத்தைப் பார்த்தால் எனக்கும் சந்தோஷம்தான் என்றார்.

திரும்பி வருகிற வழியெல்லாம் மச்சான் கர்ச்சீப்பைப் பிழிந்துகொண்டே வந்தார். வீட்டுக்கு வந்ததும் மகள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"அப்பா, போய் உண்மையைச் சொல்லிடுங்க. அந்த வாத்து விளக்கைப் பார்த்துக்கிட்டு என்னால காலம் பூரா சிரிக்காம இருக்க முடியாது."

உண்மையைச் சொன்னால் கல்யாணம் நின்றுபோகும் என்றார் அவர். சொல்லாமல் நடந்தால் நான் நிம்மதியாகத் தூங்க மாட்டேன் என்றாள் அவள். அவ்வளவு பேருக்கு அர்த்தம் சொன்னீர்களே, என் பெயருக்கு என்ன அர்த்தம் என்று கேட்டாள். மச்சான் தலையைச் சொறிந்தார். கூப்பிடுவதற்கு நன்றாக இருந்தது, வைத்தேன் என்றார். இத்தனை வருஷத்தில் நான் கேட்ட ஒரே பொய்யில்லாத பதில் அது.

மறுநாள் கடையில் நாங்கள் இருவரும் யோசித்தோம். புத்தகம் மழையில் நனைந்துவிட்டது என்று சொல்லலாமா? மழையே இல்லை. தொலைந்துவிட்டது என்றால் அக்கா நம்ப மாட்டார். அப்போது எனக்கு ஒரு யோசனை வந்தது. எனக்கு யோசனை வருவது அபூர்வம், அதனால் அதை விட மனசில்லை. புத்தகத்தைக் கொண்டுபோவோம், ஆனால் பூட்டிக் கொண்டுபோவோம். பழைய புத்தகம், பாதுகாப்புக்குப் பூட்டு, சாவி காணாமல் போச்சு. பார்த்தாயா, புத்தகம் இருக்கிறது. திறக்கத்தான் வழியில்லை.

மச்சான் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். நான் இரண்டு நாள் உட்கார்ந்து செய்தேன். காக்கி அட்டைக்கு மேல் தோல் உறை, குறுக்கே இரண்டு இரும்புப் பட்டை, நடுவில் ஒரு பழைய பெட்டிப் பூட்டு. என் கையால் செய்ததிலேயே அழகான வேலை என்று சொல்லுவேன். சாவியை உருக்கிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அந்தக் கூடத்தில் இருபத்திரண்டு பேர். எல்லோரும் பாதத்தை விரித்து உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் மேசை. மச்சான் புத்தகத்தைக் குழந்தையைப் போல இறக்கி வைத்தார். சாவி தொலைந்த கதையைச் சொன்னார். குரல் கம்மி, கண் கலங்கி, ரொம்ப நன்றாகவே சொன்னார். சிலர் உச்சுக் கொட்டினார்கள்.

அக்கா என் பக்கம் திரும்பினார்.

"நீங்க என்ன வேலை பார்க்கிறீங்க?"

நான் மச்சானைப் பார்த்தேன். மச்சான் என்னைப் பார்த்தார். அவ்வளவு நேரம் உட்கார்ந்து யோசித்தோமே, இந்த ஒன்று இரண்டு மண்டையிலும் தோன்றவில்லை.

"பூட்டு ரிப்பேர்," என்றேன்.

"அப்ப தொறங்க."

கருவி கொண்டுவரவில்லை என்றேன். லிஃப்ட்கார மாப்பிள்ளை, எவ்வளவு நல்ல பையன், ஓடிப்போய்த் தன் கருவிப் பையையே கொண்டுவந்து வைத்தார். நான் வளைந்த கம்பியை எடுத்துப் பூட்டுக்குள் விட்டு, வேண்டுமென்றே தப்புப் பக்கமாகத் திருப்பிக்கொண்டிருந்தேன். நெற்றியைத் துடைத்தேன். இது ரொம்பப் பழைய பூட்டு, முடியாது போலிருக்கிறது என்றேன். தப்பித்துவிட்டோம் என்றுதான் நினைத்தேன்.

பின்வரிசையில் ஒரு கிழவர் பக்கத்து ஆளிடம் சொன்னார், "இதைக்கூடத் தொறக்கத் தெரியல. இவன்லாம் என்ன பூட்டுக்காரன்."

சத்தியமாக நான் திறக்க வேண்டும் என்று நினைக்கவில்லை. கை திறந்துவிட்டது. க்ளிக். ஒரு நொடிகூட ஆகவில்லை. கிழவரை ஒரு பார்வை பார்த்தேன். அதற்கு அப்புறம்தான் மச்சானின் முகத்தைப் பார்த்தேன். என் மனைவி என்னை எப்படிப் பார்த்தாள் என்று இங்கே எழுதப் போவதில்லை.

அக்கா பட்டையை நீக்கினார், உறையைத் திறந்தார். முதல் பக்கத்தில் பளபளவென்று ஒரு வாஷ்பேசின். அடுத்த பக்கம் பன்னிரண்டு வகைக் குழாய். அக்கா புரட்டிக்கொண்டே போனார். கூடத்தில் தாள் புரளும் சத்தம் மட்டும். பின்கட்டில் ஒரு வாத்து கத்தியது, அதுவும் உடனே நிறுத்திக்கொண்டது.

மச்சான் எழுந்து நின்றார். கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"இதுல யார் பேரும் இல்லை. எல்லாம் நான் அவிழ்த்துவிட்டது. என் பொண்ணு இதுல சேர்த்தி இல்லை. உண்மையைச் சொல்லிடுங்கன்னு அன்னைக்கே சொன்னா. நான்தான் பயந்தேன். தண்டனை எதுவானாலும் எனக்குக் கொடுங்க."

மகள் எழுந்து போய் அப்பாவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டாள். லிஃப்ட்கார மாப்பிள்ளையும் எழுந்து போய் அவளுக்குப் பக்கத்தில் நின்றார். நான் உட்கார்ந்தே இருந்தேன். நான் செய்தது போதும்.

பரிசோதகர் மெதுவாக மேசைக்கு வந்தார். புத்தகத்தை வாங்கி, நடுவில் ஒரு பக்கத்தைத் தேடி எடுத்து, எல்லோருக்கும் தெரிகிற மாதிரி தூக்கிப் பிடித்தார். வெள்ளைக் குளியல் தொட்டி. நிறைய நுரை. நுரைக்கு மேல் ஒரு மஞ்சள் பொம்மை வாத்து.

"அன்னைக்கு உங்க கண்ணாடியில இந்தத் தொட்டி தெரிஞ்சுது," என்றார். "வாத்தும் தெரிஞ்சுது. முப்பது வருஷம் பஸ்ல டிக்கெட் பார்த்தவன் நான். யார் டிக்கெட் இல்லாம நிக்கிறாங்கன்னு ஏறும்போதே தெரியும்."

பிறகு அவர் சொன்னதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அந்த முப்பது வருஷத்தில் அவரைப் பார்த்து ஒருத்தன் சிரித்ததில்லையாம். பஸ்ஸில் ஏறினாலே எல்லோரும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்களாம், சொந்தக்காரர்கள் உட்பட. அந்த அட்டையை வீட்டில் படித்துக் காட்டியபோது பெண்டாட்டி பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்களாம். பொய் என்று தெரிந்தும் அதை விட அவருக்கு மனசு வரவில்லை. அக்காவோடு சேர்ந்து அவரும் புத்தகம் கேட்டது வேறு காரணத்துக்கு. மாட்டிக்கொண்டால் சம்பந்தி ஓடும் பஸ்ஸிலிருந்து குதிக்கிற ஆளா, நின்று ஒத்துக்கொள்கிற ஆளா என்று பார்க்கத்தானாம்.

ஆனால் தலையசைக்க வேண்டியது அக்கா ஆயிற்றே. அவர் தம்பி பேசியது எதையும் கேட்டதாகத் தெரியவில்லை. கைப்பையைத் திறந்து பழுப்பேறிய அட்டை ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். 'கோட்டைத் தளபதிகள்.' அந்தக் கோணல் கையெழுத்து எனக்குத் தெரியும். மச்சானுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நோட்டுப் போடுவதற்கு முந்தின அட்டை, காற்றோடு போகாமல் கைப்பைக்குள் போயிருந்தது.

"இது நீங்க எழுதினதா? விடுதியில என் அறை வாசலுக்கு என் பேர் போட்ட பலகை செய்ய ஆள் அனுப்பினேன். கூடவே வந்தது."

மச்சான் ஆமாம் என்று தலையை ஆட்டினார்.

"எனக்கு என்ன படம்?"

மச்சான் புத்தகத்தை வாங்கிப் புரட்டினார். ஒரு பக்கத்தைக் காட்டினார். சுவரில் மாட்டுகிற பெரிய ஷவர். வட்டத் தலை, நீளக் கழுத்து. கொஞ்சம் தலையைச் சாய்த்துப் பார்த்தால் தலைக்கவசம் போட்ட வீரன் மாதிரி இருந்தது என்று முணுமுணுத்தார்.

அக்கா தலையைச் சாய்த்துப் பார்த்தார். மறுபக்கமும் சாய்த்துப் பார்த்தார்.

"இந்த ஷவருக்காகவா நான் இத்தனை வருஷம் நெஞ்சை நிமிர்த்திக்கிட்டு நடந்தேன்?" என்றார். "வாத்தாவது முட்டை போடும்."

முதலில் சிரித்தது பின்வரிசைக் கிழவர். பிறகு கூடம் முழுக்கச் சிரிப்பு. அக்கா சிரிக்கவில்லை, ஆனால் தலையசைத்தார். பரிசோதகர் கையைத் தூக்கிச் சத்தத்தை அடக்கினார். டிக்கெட் இல்லாப் பயணத்துக்கு அபராதம் உண்டு என்றார். அபராதம் இதுதான்: கூடியிருக்கிற எல்லா வீட்டுக்கும் வாத்து வெட்டிய பலகை, கல்யாணத்துக்கு முன்னால். ஒரு எழுத்துகூட அரை மில்லி இறங்கக் கூடாது.

"அப்புறம் ஒண்ணு. உங்க குடும்பப் பேருக்கு இதுவரைக்கும் அர்த்தமே இல்லையே, சம்பந்தி? அதை நாங்க சொல்றோம்."

அவர் புத்தகத்தை மூடினார். பின்கட்டுப் பக்கம் பார்த்தார்.

"வாத்துக்குத் தவிடு வைக்கிறவங்க."

மாப்பிள்ளை வீட்டார் கைதட்டினார்கள். எங்கள் பக்கம் நான்கு பேர்தான். மச்சானின் மகள்தான் பதில் சொன்னாள். வருங்கால மாமனாரைப் பார்த்து, ரொம்ப மரியாதையாக.

"சரிங்க மாமா. அப்ப தவிடு எங்க கையிலதான் இருக்குன்னு எல்லாரும் ஞாபகம் வச்சுக்கோங்க."

அக்கா அப்போதுதான் சிரித்தார். இந்தப் பெண்ணை விடுதிக்கே வார்டனாகப் போடலாம் என்றார்.

கல்யாணம் முடிந்து ஐந்து மாதம் ஆகிறது. மச்சான் இப்போது புத்தகத்துக்கு அட்டை போடுவதில்லை. வருகிறவர்களிடம் நேராகத் திருப்பி வைத்து, உங்களுக்குப் பிடித்த படத்தை எடுத்துக்கொள்ளுங்கள், அர்த்தத்தை நான் அதற்குப் பொருத்தமாகச் சொல்கிறேன் என்கிறார். கூட்டம் முன்னைவிட அதிகம். டாய்லெட் பக்கத்தை மட்டும் கிழித்துவிட்டார், தலைமையாசிரியர் ஒரு நாள் வந்து பார்த்துவிட்டால் என்ன செய்வது என்று.

அவர் வீட்டு வாசலில் புதுப் பலகை தொங்குகிறது. குடும்பப் பெயருக்குக் கீழே ஒரு தவிட்டு மூட்டை வெட்டியிருக்கிறார். சம்பந்தி வந்து அளந்து பார்த்து, மூட்டை அரை மில்லி சாய்ந்திருக்கிறது என்றார். தவிட்டு மூட்டை சாய்ந்துதான் இருக்கும் என்று மச்சான் சொல்லிவிட்டார்.

எனக்கும் அந்த வீட்டிலிருந்து வேலை வந்தது. வாத்துத் தொட்டிக்குக் கம்பிக் கதவு போட்டு ஒரு பூட்டு மாட்டினேன். மறுநாள் காலையில் ஆறு வாத்தும் தெருவில் நின்றன. பூட்டில் ஒரு குறையும் இல்லை. கதவைச் சாத்தாமல் வந்திருக்கிறேன்.